தூதுக்கு வால் வந்த கதை

உயிரணுவுக்குள் குடியிருந்தவர்களும் வாய்விட்டுப் பேசிய காலம் அது. அப்போதெல்லாம் தூதுக்குச் சாவு கிடையாது.

ஒரு நெற்பயிரின் இலையில், ஓர் உயிரணுவுக்குள், கோர்வையன் என்ற ரைபோசோம் இருந்தான். நடுவீடான உட்கருவிலிருந்து தூது ஆர்.என்.ஏ வரும். அதன் உடம்பெல்லாம் எழுத்து. கோர்வையன் அதைப் படித்து, அமினோ அமில மணிகளைக் கோத்துப் புரதம் செய்வான். தூது நிற்கும்வரை கோத்துக்கொண்டே இருக்க வேண்டும். வந்தவரைப் போகச் சொல்வது அந்த ஊரில் வழக்கமே இல்லை. என்ன அருமையான ஊர்! இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

ஒரு கோடையில் வெம்பாயி என்ற தூது வந்தாள். வெயிலைத் தாங்கும் புரதத்துக்கான எழுத்து அவளிடம் இருந்தது. அவன் கோத்துத் தள்ளினான். வயலே கருகியபோதும் அவர்கள் இலை பிழைத்தது. பேச்சும் சிரிப்புமாக இருவரும் அண்ணன் தங்கையாகவே ஆகிவிட்டார்கள்.

பிறகு மழை வந்தது. வெம்பாயி போகவில்லை. எப்படிப் போவது என்றே யாருக்கும் தெரியாதே! வெயில் புரதம் மூலைமுடுக்கெல்லாம் குவிந்தது, மணிகள் தீர்ந்துகொண்டே வந்தன.

இலையைப் பச்சையாக்கும் புரதத்துக்காகத் தளிரம்மை என்ற புதுத் தூது வந்து காத்து நின்றாள்.

"அண்ணே, எனக்கும் கொஞ்சம் கோத்துக் குடுங்க. இலை வெளுத்துப்போச்சு. இப்படியே போனா நாம யாருமே மிஞ்ச மாட்டோம்."

கோர்வையன் தலைகுனிந்தான். "வெயில்ல நம்மளக் காப்பாத்தினவ அவ, தாயி. எந்த வாயால போன்னு சொல்லுவேன்?"

வெம்பாயியின் காதில் விழுந்துவிட்டது. "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க? நான்தான் தங்கிட்டேன்ண்ணே" என்றவள், வேண்டாததை வெட்டித் தள்ளும் நறுக்கி என்ற நொதியைக் கூப்பிட்டாள்.

"என்னை நறுக்கிடு, நறுக்கி."

"வாலாட்டுறவங்க வாலைத்தான் ஒட்ட நறுக்கணும்பாங்க. உனக்கு வாலே இல்லையேடி!"

"அப்ப ஒண்ணு கட்டிவிடு. அதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நறுக்கு. ஒரேயடியாப் போனா அண்ணன் தாங்க மாட்டாரு."

நறுக்கி நீளமாக ஒரு வால் கட்டினாள், பிறகு நறுக்கத் தொடங்கினாள். வால் குறையக் குறைய வெம்பாயியின் குரலும் தேய்ந்தது. கோர்வையன் அழுதுகொண்டே கோத்தான். "மழை பெய்யுதாண்ணே?" என்று கடைசியாகக் கேட்டாள். வால் தீர்ந்ததும் அவள் எழுத்தெழுத்தாக உதிர்ந்தாள்.

கோர்வையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தளிரம்மையிடம், "வா தாயி" என்றான். இலை பச்சை கட்டியது. உதிர்ந்த எழுத்துகளை நடுவீட்டார் பொறுக்கிக்கொண்டு போய்ப் புதுத் தூதுகளில் சேர்த்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாலும் கட்டி அனுப்பினார்கள்.

அந்த நாள் தொட்டுத்தான் தூதுகள் வாலோடு வருகின்றன, வால் தேய்ந்ததும் விடைபெறுகின்றன. எந்தத் தூது வந்தாலும் ரைபோசோம் இன்றுவரை ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவித்தான் படிக்கிறது. அதில் ஒன்று தங்கச்சியுடையதாக இருக்கலாம் அல்லவா?