கோரைப்பள்ளம் பாஸ்ட் புட்

கோரைப்பள்ளத்தில் புத்தி விளையாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. விளைந்ததையெல்லாம் வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். ஊரில் மிஞ்சியவர்கள் சுடலைமுத்து, எசக்கியப்பன், எசக்கியின் மச்சான் பொன்னுசாமி. மூவரும் அரிசி மில் வேலையை உதறிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் பாஸ்ட் புட் கடை போட்டார்கள். ஓடாவிட்டால் மில்லுக்குத் திரும்ப முடியாது. முதலாளியிடம் பேசிவிட்டு வந்த பேச்சு அப்படி.

முதல் நாளே உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார்.

"சமைக்கிறவர் தலையை மூடணும். சமைச்சதை எப்பவும் மூடியே வைக்கணும். இல்லேன்னா லைசென்ஸ் கிடையாது."

எசக்கியப்பன் கோணிச்சாக்கைத் தலைவழியாகக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு நூடுல்ஸ் கிண்டினான். பாதி சட்டியில் கிடந்தது. பாதி மச்சான் தோளில் கிடந்தது.

மத்தியானம் ஒரு லாரி டிரைவர் வந்து பிரைடு ரைஸ் கேட்டார்.

"இருக்குண்ணே," என்றான் சுடலைமுத்து.

"அப்பப் போடுங்க."

மூவரும் சட்டி மூடியையே பார்த்தார்கள்.

"தொறந்தா லைசென்ஸ் போயிரும்," என்றான் பொன்னுசாமி.

"தொறக்காம எப்படிய்யா திங்கிறது?"

"அத ஆபீசர் சொல்லலியே. வேணும்னா மூடியத் தொட்டுப் பாருங்க, சூடாத்தான் இருக்கு."

டிரைவர் எதிரேயிருந்த பரோட்டாக் கடைக்குப் போய்விட்டார். அது இருபது வருஷக் கடை. எந்நேரமும் கூட்டம்.

சிலிண்டர் கொண்டுவந்தவர் பரிதாபப்பட்டார். "புதுக்கடைன்னா அப்படித்தாம்ப்பா. வாசல்ல நாலு பேரு நின்னாத்தான் அஞ்சாவது ஆள் வருவான். மொதல்ல கூட்டத்தை நிக்க வைங்க."

"நாம மூணு பேருதானல இருக்கோம்?" என்று எசக்கியப்பன் கவலைப்பட்டான்.

சுடலைமுத்து வெகுநேரம் யோசித்தான். "நடுவுல ஒரு ஆள் எடம் விட்டு நிப்போம். டீ குடிக்கப் போயிருக்கான்னு நெனச்சுக்கிடுவாக."

மறுநாள் காலை மூவரும் தங்கள் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். சிலிண்டர்காரர் வாக்கு பொய்க்கவில்லை. பின்னால் ஆறு பேர் சேர்ந்தார்கள், பிறகு பத்து, பிறகு முப்பது. மூவருக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கல்லாவில் ஆளைக் காணோம். கூட்டம் முணுமுணுத்தது.

"நாம ஒருத்தர் உள்ள போவமா?" என்றான் பொன்னுசாமி.

"போனா வரிசையில எடம் போயிரும்ல," என்று எசக்கியப்பன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

பின்னால் நின்ற வாத்தியார் ஒருவர் கோபத்தில் புகார் மனு எழுதி, கையெழுத்துக்காக முன்னே அனுப்பினார். முதல் மூன்று கையெழுத்தும் இவர்களுடையதுதான்.

மனு கிடைத்ததும் வேறொரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். "எங்கய்யா இந்தக் கடை ஓனர்?"

சுடலைமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். "அவனைத்தான் சார் காலையிலேருந்து நாங்களும் தேடுதோம். சீக்கிரம் பிடிச்சுக் குடுங்க. பசி உயிர் போவுது!"