அலையாளின் பெயர்

மருத மரங்கள் சூழ்ந்த ஏரிக்கரையில் விலங்குக் குட்டிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கரடி அதன் தலைமையாசிரியர். நெடுங்காலி என்ற நாரை குட்டிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

ஒரு மழைக்காலத்து வெள்ளத்தில் நீர்நாய்க்குட்டி குமிழனின் அம்மா அலையாள் இறந்துபோனது.

குமிழன் பள்ளிக்குத் திரும்பும் முன்பே கரடி எல்லாக் குட்டிகளையும் கூப்பிட்டு, அதன் அம்மாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நினைவுபடுத்தினால் பிள்ளை மனம் நோகும் என்பது அதன் எண்ணம். நெடுங்காலியும் சரியென்று தலையாட்டியது.

குட்டிகள் அப்படியே நடந்தன. குமிழன் வந்தால் பேச்சு நின்றது. வாத்துக்குஞ்சு தன் அம்மாவைக் கூப்பிடக்கூடப் பயந்தது. குமிழனும் பேச்சைக் குறைத்துக்கொண்டது. நீச்சல் வகுப்பில் கரையிலேயே உட்கார்ந்திருந்தது. ஒருநாள் காரணமே இல்லாமல் அணிலின் வாலைக் கடித்துவிட்டது.

“இனி இவன் இங்கே வேண்டாம். மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்” என்றது கரடி.

நெடுங்காலிக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் குமிழனைத் தேடிப் போனது. குட்டி நாணல் புதருக்குள் சுருண்டு கிடந்தது. நாரை அதட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

“உனக்கு என்ன வேணும், குமிழா?” என்று மெதுவாகக் கேட்டது நாரை.

“எங்கம்மா பேரை யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க, டீச்சர். அவங்க இருந்ததே பொய் மாதிரி இருக்கு.”

பயந்து பயந்து இந்தப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டோமே என்று நாரை வருந்தியது. வகுப்பில் அம்மாவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டது. குமிழன் சரியென்று தலையசைத்தது.

மறுநாள் கரடி வாசலில் நிற்கும்போதே, “இன்றைக்கு அலையாளைப் பற்றிப் பேசுவோம்” என்றது நாரை.

கடிபட்ட அணில்தான் முதலில் எழுந்தது. தான் ஏரியில் விழுந்தபோது அலையாள் தன்னைத் தலையில் சுமந்து கரை சேர்த்ததைச் சொன்னது. வலையில் சிக்கிய தன்னை அலையாள் அதைக் கடித்து மீட்டதை ஆமைக்குட்டி சொன்னது. மல்லாந்து மிதந்தபடி அலையாள் விடும் குறட்டையை வாத்துக்குஞ்சு விட்டுக் காட்டியது. குமிழன் சிரித்தது. சிரித்துக்கொண்டே விம்மி விம்மி அழுதது.

கரடி பதறிப்போய்த் தடுக்க வந்தது.

“அழட்டும், ஐயா. நாம கூட இருப்போம்” என்றது நாரை.

கரடி தயங்கி நின்றது. பிறகு குட்டிகளோடு தானும் உட்கார்ந்து, அலையாள் தனக்குக் கெளுத்தி மீன் கொண்டுவந்து கொடுத்த கதையைச் சொன்னது. மாமா வீட்டுப் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் சில நாட்களில் குமிழனுக்குத் துக்கம் பொங்கி வரும். அப்போது கேட்காமலே எழுந்து வெளியே போகலாம் என்று நாரை அனுமதி கொடுத்திருந்தது. அணில் சில சமயம் கூடப் போய் உட்காரும். ஏரி தெளிந்த பின்பு ஒருநாள், யாரும் சொல்லாமலே குமிழன் தண்ணீரில் இறங்கி நீந்தியது.

இழந்தவரைப் பற்றிப் பேச இடம் கொடுத்து, அழும்போது கூட இருப்பதே துயரப்படும் பிள்ளைக்கு நாம் செய்யும் பெரிய உதவி.