தாசில்தார் வீட்டுக் கம்ப்யூட்டர்

கனகசபையின் பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. போய்ச் சேர்ந்த மனைவி பாடிய பாட்டு அதற்குள்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. ரிடையர்டு தாசில்தார் அல்லவா, விசாரிக்காமலே வீடு கூட்டுகிறவள்மேல் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"ஈரத்துணியால துடைச்சுக் கெடுத்துட்டே. இதை ஓட வச்சாத்தான் நாளைக்கு உனக்கு இங்க வேலை."

அவள் குனிந்து பார்த்தாள். ஆயுதபூஜைக்கு அவர் கையாலேயே அப்பிய சந்தனம் பவர் பட்டன்மேல் காய்ந்து இறுகிக் கிடந்தது.

"நான் துடைச்சிருந்தா இந்தப் பொட்டு இருக்குமாங்க ஐயா?"

அவள் கொண்டை ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி, உள்ளே ஒட்டியிருந்த பட்டனை விடுவித்து அழுத்தினாள். கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது.

அவர் பாட்டைப் போட, மனைவி பாடினாள். நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க அவருக்கு முகமில்லை. வீடு கூட்டுகிறவளை ஆறு வருஷமாக 'ஏய்' என்றே கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் அவள் பெயரைக் கேட்டார். வள்ளிமயில்.