சூடு ஆறாத பெட்டி

ஒரு வழக்கு சொல்கிறேன். இதில் மூன்று பேர், மூவருமே நல்லவர்கள், அதுதான் தொல்லை. முடிவில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்பேன், காதை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் மெர்வின் என்பவன் கணினியில் அசையும் படம் செய்து பிழைத்தான். விளம்பரத்துக்கு ஆடும் பல்பொடி டப்பா, கல்யாண வீடியோவுக்குப் பறக்கும் புறா, எது கேட்டாலும் செய்வான். தனக்கென்றும் ஒரு படம் செய்துவந்தான். கடற்கரையில் ஒரு பெண் முதுகைக் காட்டி நடந்துபோகிறாள். கடைசியில் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் அலை அடிக்க வேண்டுமே! அதை வரைய அவன் லேப்டாப்புக்கு வலு இல்லை. ஆகவே வீடியோக்காரர் டெரன்ஸிடம் ஒரு தகரப் பெட்டியை இரவல் வாங்கி வந்தான். உள்ளே கனமான கிராபிக்ஸ் கார்டும் விசிறியும். ஒரே ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் நோஞ்சான் லேப்டாப் பயில்வானாகிவிடும். பேட்டரி உப்பிப்போய்க் கழற்றப்பட்ட அந்த லேப்டாப்புக்கு மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் வந்தது.

"எனக்குக் கல்யாண வேலை வந்தா உடனே வேணும்பா" என்றார் டெரன்ஸ்.

"வேலை வந்த அன்னைக்கே கொண்டாந்திருதேண்ணே" என்று வாக்குக் கொடுத்தான் மெர்வின்.

மனைவி ரெக்ஸ்லினிடமும் ஒரு சொல் சொன்னான். "முடியிற வரைக்கும் அந்தக் கேபிள்ல கை வைக்காத. பாதியில பிடுங்கினா எல்லாம் போச்சு." பெருக்கும்போது துடைப்பம் கேபிளை இழுத்துவிடுமோ என்று பயந்து சொன்னதுதான், அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்ப்பது யார் என்று கேட்டதற்கு, "முடியட்டும், பாத்துக்கோ" என்றான். சாப்பிடக் கூப்பிட்டால் "இந்தா வாரேன்" என்பான், லேசில் வரமாட்டான்.

படத்தைக் கணினியே ஒவ்வொரு காட்சியாக வரைந்து முடிக்கட்டும் என்று ஓடவிட்டுப் பால் வாங்கப் போனவன், லாரியில் அடிபட்டுச் செத்தான்.

லேப்டாப்புக்கு அது தெரியாது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோதும் விசிறி இரைந்துகொண்டிருந்தது. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக உருவாகிக்கொண்டிருந்தன. ரெக்ஸ்லின் பெட்டிமேல் கை வைத்தாள். சற்றுமுன் அவள் முத்தமிட்ட நெற்றி சில்லிட்டிருந்தது, இது சுட்டது. அதன்பிறகு அவள் அந்த அறையைவிட்டு அதிகம் நகரவில்லை. பெரிய அலை வரும் படங்களில் விசிறி மூச்சு வாங்கும். "பைய செய்யுங்க, அவசரமில்ல" என்பாள்.

திரையில் பெண் கழுத்தைத் திருப்பத் தொடங்கினாள். காது தெரிந்தது, கன்னத்தில் கொஞ்சம் தெரிந்தது. ரெக்ஸ்லின் கோயிலுக்குப் போய் வந்து பார்த்தால், பெண் ஆரம்ப இடத்தில் பழையபடி முதுகைக் காட்டி நிற்கிறாள். மறுபடி நடந்தாள், மறுபடி கன்னம் தெரிந்தது, மறுபடி ஆரம்ப இடம்.

"லூர்து, உங்கண்ணன் போக முடியாம இதுக்குள்ளயே சுத்துதாவ" என்றாள் ரெக்ஸ்லின், துணைக்கு வந்து தங்கியிருந்த கொழுந்தனிடம்.

"அப்படியெல்லாம் இல்ல மைனி" என்று தலையைக் குனிந்துகொண்டான் அவன்.

துக்கம் விசாரிக்க வந்த டெரன்ஸ் பெட்டியையும் அதன்மேலிருந்த அவள் கையையும் பார்த்தார். "இருக்கட்டும்மா" என்று போய்விட்டார். அவருக்கு ஒரு கல்யாண வேலை வந்ததும், பெட்டி இல்லாமல் அது கைநழுவியதும் பின்னால்தான் அவள் காதுக்கு வந்தது. அப்போது அவளுக்கு ஒன்று பட்டது: டெரன்ஸுக்குக் கொடுத்த வாக்குதான் தன் கணவனைப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

கேபிளைப் பிடுங்கினால் திரையில் திரும்பும் பெண்ணின் முகத்தை இனி ஒருநாளும் பார்க்க முடியாது என்றே நம்பினாள். நம்பிக்கொண்டே கேபிளைப் பிடுங்கினாள். திரை கறுத்தது, விசிறி ஓய்ந்தது. தகரம் ஆறும்வரை கை வைத்திருந்துவிட்டு, பெட்டியைத் துண்டில் சுற்றி லூர்துவோடு டெரன்ஸ் வீட்டுக்குப் போனாள்.

டெரன்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒவ்வொரு படமும் உருவான உடனே லேப்டாப்புல பத்திரமாயிரும்மா. பிடுங்கினா ஒண்ணும் போவாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உன் கைய அது மேல பாத்ததும் சொல்ல வாய் வரல."

லூர்து அழுதேவிட்டான். "அது என்னைக்கோ முடிஞ்சிட்டு மைனி. சத்தம் நின்னா நீங்களும் நின்னுருவியளோன்னு பயந்து, நீங்க கண்ணசந்த நேரம் பாத்து, முடிய முடிய நாந்தான் முதல்லருந்து ஓடவிட்டேன்."

உண்மை தெரிந்தும் வாய் திறக்காமல் தன் பிழைப்பை இழந்தார் டெரன்ஸ். அண்ணியைக் காப்பாற்ற ஏமாற்றினான் லூர்து. கணவன் தடுத்ததை மீறினாள் ரெக்ஸ்லின். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், ரெக்ஸ்லின் செய்ததே சரி. டெரன்ஸின் மௌனம் இரக்கம்தான், ஆனால் அது அவளைப் பெட்டியோடு கட்டிப்போட்டது. லூர்துவின் அன்போ, செத்தவனை ஓயவிடாமல் வேலை வாங்கியது. கேபிளைத் தொடாதே என்பது அவளிடம் சொன்ன சொல். அதை மீறும் உரிமை அவளுக்கு உண்டு. டெரன்ஸுக்குக் கொடுத்த வாக்கோ அடுத்தவரிடம் பட்ட கடன். அதைத் தீர்க்கத்தான் முடியும். எல்லாம் போய்விடும் என்று நம்பியும் தீர்த்தாள். முகம் என்னவாயிற்று என்கிறீர்களா? வரைந்து முடித்த படத்தைப் பார்க்கப் பெட்டியே வேண்டாம். டெரன்ஸ் ஒரு சாதாரண சார்ஜரை அவள் வீட்டுக்கு எடுத்துவந்து லேப்டாப்பில் செருகி, கடைசிப் படத்தைத் திறந்தார். திரும்பிப் பார்த்தது ரெக்ஸ்லின்தான். வாய் பாதி திறந்திருந்தது, சாப்பிடக் கூப்பிடுகிற முகம். "வாரேன்னுதான சொன்னிய" என்று கேட்டுவிட்டு, அப்போதுதான் அவள் முதன்முறையாக அழுதாள்.