சீனத்துப் பாத்திரத்தில் பாயசம்

கரைநாட்டு அரசர் வீரமழவருக்கு, எதையும் அரைகுறையாகக் கேட்டு முழுதாகச் சட்டம் போடும் வியாதி. சீனக் கப்பலில் வந்த யாரோ, “எங்கள் ஊரில் கன்பூசியஸ் என்று ஒரு மகான், பெரியவர்களை மதிக்கச் சொன்னார்” என்று சொல்லித் தொலைத்தார்கள். போதாதா? பள்ளியோ அவையோ, மூத்தவர் பேசினால் இளையவர் வாய் திறக்கக் கூடாது என்று மறுநாளே பறையறைந்தாயிற்று. நம்மையும் கான்வென்ட்டில் உதட்டில் விரலோடு உட்கார வைத்தார்களே, அதே கூத்து. பலன்? இன்றைக்கும் எவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறோம்.

ராஜகுரு பேரறிவர் வகுப்பில், “சீனம் மேற்கே இருக்கிறது” என்றார்.

“அப்புறம் கப்பல் ஏன் ஐயா கிழக்கேயிருந்து வருகிறது?” என்றாள் நங்கை. அன்றோடு பள்ளி போயிற்று.

அவள் அப்பா சாத்தன், அவையில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன். வீட்டில் அந்தப் பெயர் செல்லாது.

“நான் கேட்டது சரிதானே அப்பா? அரசரிடம் சொன்னீர்களா?”

சாத்தன் மோரைக் குடித்து மழுப்பினான். ஊரை மடக்கும் வாய், மகள் எதிரே மோர் குடிக்கத்தான் லாயக்கு என்று தன்னையே நொந்துகொண்டான்.

அந்த வாரம் சீனத் தூதர் வருவதாக இருந்தது. அவர் வருவதற்கு முதல் நாளே பரிசு வந்துவிட்டது: வாயகன்ற, பளபளக்கும் பீங்கான் பாத்திரம்.

“மகான் பாயசம் அருந்தியது இதில்தான்!” என்றார் ராஜகுரு.

அது என்ன பாத்திரம் என்று சாத்தன் துறைமுகத்தில் விசாரித்திருந்தான். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

மறுநாள் விருந்தில் அரசர் அந்தப் பாத்திரத்தில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றச் சொன்னபோது தூதர் உள்ளே நுழைந்தார். அலறினார்.

“அரசே! அது எச்சில் துப்புகிற படிக்கம்!”

அரசருக்குப் புரையேறியது. “சாத்தா! உனக்குத் தெரியுமா?”

“நேற்றே தெரியும் அரசே.”

“அடப்பாவி! சொல்லித் தொலைப்பதற்கென்ன?”

“குருநாதர் என்னைவிட மூன்று வயது மூத்தவராயிற்றே! வாய் திறந்த என் மகளுக்குப் பள்ளி போயிற்று. நான் திறந்து என் வேலையும் போனால்?”

தூதர் தலையிலடித்துக்கொண்டார். “அரசன் தவறினால் அமைச்சன் எடுத்துச் சொல்லியே ஆகவேண்டும் என்றவரும் அதே மகான்தான். யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா?”

“எங்கே சொல்வது? அதற்குள்தான் பறையறைந்துவிட்டார்களே!” என்றான் சாத்தன்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஒழிந்தது சட்டம்! இனி எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரையும் கேள்வி கேட்கலாம். நங்கை நாளைக்கே பள்ளிக்கு வரட்டும். உனக்கு என்னப்பா பரிசு வேண்டும்?”

சாத்தன் கைகூப்பினான்.

“என் வீட்டுக்கு மட்டும் பழைய சட்டமே இருக்கட்டும், அரசே!”