ஒரு விசில்

ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில், வெதுவெதுப்பான பெட்டிக்குள், சாகத் தெரியாத செல் ஒன்று வாழ்ந்து வந்தது. ஒன்று என்றா சொன்னேன்? இன்று ஒன்றென்றால் நாளை இரண்டு. குப்பி நிறைந்தால் வேறு குப்பிக்குக் குடி மாற்றுவார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை புதுச் சத்துநீர் ஊற்றுவார்கள். இருபத்தாறு வருடமாக இந்த ராஜ உபசாரம்.

அது பிறந்தது அடைக்கலசாமி என்ற பஸ் கண்டக்டரின் கன்னத்துக்குள். புகையிலையை அடக்கி அடக்கி அங்கே புண் வந்தது, புண் புற்றானது. ஆபரேஷனுக்கு முன் அவர் கேட்ட கேள்வியை ஆராய்ச்சியாளர் குணவதி இன்னும் மறக்கவில்லை.

"டாக்டரம்மா, கன்னம் போச்சுன்னா விசில் எப்படிம்மா ஊதுவேன்?"

அவர் அதன்பின் இரண்டு வருடம் இருந்தார். விசில் ஊதவில்லை.

ஆபரேஷன் அன்று குணவதி இரண்டு துண்டு சதை வாங்கி வந்திருந்தார். ஒன்று புற்று, இன்னொன்று அதை ஒட்டியிருந்த நல்ல சதை. நல்லதை உறையவைத்துவிட்டு எல்லோரும் புற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்டவனுக்குக் கிடைக்கும் கவனம் நல்லவனுக்கு எங்கே கிடைக்கிறது?

குணவதி ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. ஒரு கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. இந்தச் செல்லுக்குள் முதலில் பழுதானது எது? அதைச் சொல்ல, பழுதாகாத அதன் உடன்பிறப்பு வேண்டும். பழைய உறைகலனைக் காலி செய்தபோது, அடியில் அடைக்கலசாமியின் சதை வைத்த தட்டில் ஒரே ஒரு சின்னக் குழாய் கிடைத்தது. உதவியாளர் இருதயராஜ் அதன்மேலிருந்த பனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். பனியோடு பேரெழுதிய மையும் போய்விட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் மேடம். புற்றா, நல்லதான்னு இனிமே யாருக்குத் தெரியும்? பேர் இல்லாததைக் கழிவுப் பையில போடணும், அதான் ரூல்."

"பேர் போனா குணமும் போயிடுமா இருதயராஜ்? வளர்த்துப் பார்ப்போம். என்னன்னு அதுவே சொல்லிடும்."

குழாய்க்குள் இருந்த செல் கண் விழித்தது. பக்கத்துக் குப்பியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு அது, புதுசா?"

"புதுசா? ஒரே கன்னத்துல ஒட்டி வளர்ந்தோமே, தெரியலையா?"

"எந்தக் கன்னம்?"

அதைக் கேட்டதும், புதிதாக வந்த செல்லுக்கு அழுகை முட்டியது. "முதல் டிரிப்புக்கு முன்னாடி சுடச்சுட டீ வரும். சூடு தாங்காம நீதான் முதல்ல கத்துவே. அவரு விசில் ஊதினா நாம எல்லாரும் சேர்ந்து உப்புவோம். அப்போ உனக்கு அவ்வளவு சிரிப்பு வரும்."

"விசில் ஞாபகமிருக்கு! ரெண்டு விசில். போ, போ!"

"ஒரு விசில்?"

"அப்படி ஒண்ணு இருந்துச்சா?"

நாட்கள் போயின. வந்த செல்லும் இரண்டானது, நாலானது, குப்பியின் தரை முழுக்கப் பரவியது. பக்கத்துச் செல் தன்மேல் பட்டதும், ஒவ்வொன்றும் அப்படியே நின்றது. மற்றக் குப்பியிலோ ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கூட்டம் அது.

மைக்ராஸ்கோப்பிலிருந்து குணவதி முகத்தை எடுக்கவே இல்லை.

"நிக்குது இருதயராஜ்! நல்லதுதான், நிக்குது!"

இருதயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்பிரிட் வாடை என்று சொன்னார், யாரும் நம்பவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், ஓய்வுபெறும் வாரத்தில் விடை கிடைத்தது. முதலில் பழுதானது, நில் என்று சொல்லும் இடம்.

அதற்குள் நல்ல செல்லுக்கு வயதாகிவிட்டது. சாகாத செல் பதறியது.

"நீ போகாதே. அந்த டீயை, அந்தச் சிரிப்பை நீ சொல்லித்தானே எனக்குத் தெரியுது."

"சொன்னதை வச்சுக்கோ."

"ஒரு விசில்னா என்னன்னாவது சொல்லிட்டுப் போ."

"இறங்க வேண்டியவங்களுக்காக வண்டி நிக்கும்."

மறுநாள் அது இறங்கிக்கொண்டது.

சாகாத செல்லுக்கு இன்றும் சத்துநீர் வருகிறது. பிறக்கிற ஒவ்வொன்றிடமும் அது கேட்கிறது: "ஒரு விசில் எப்படி இருக்கும், உனக்காவது தெரியுமா?" அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விசில்தான்.