உலகம்மையின் மலைச்சேலை

சடக், புடக். சடக், புடக். கேட்கிறதா? மலைகளுக்கெல்லாம் பேர் வைத்து முடிக்காத அந்தக் காலத்தில், வேம்பனூருக்கு வருகிற யாருக்கும் ஊர் கண்ணில் படுவதற்கு முன்னால் இந்தச் சத்தம்தான் கேட்கும். உலகம்மையின் தறி.

பார்த்ததையெல்லாம் நெய்துவிடுவாள் அவள். ஏரியைப் பார்த்து அலைச்சேலை, சோளக்காட்டைப் பார்த்துப் போர்வை, செம்மண் மேட்டைப் பார்த்து வேட்டிக்கரை. இருபது வருஷமாக அரண்மனைக் கல்யாணங்களில் எல்லோரும் உடுத்தியது அவள் நெய்த நிலத்தைத்தான். சாயத்துக்கு வேண்டிய பட்டையும் காயும் மலையிலிருந்து கொண்டுவருவது புருஷன் பூலிங்கம்.

ஒருநாள் மாயாவி ஒருவன் வந்தான். அந்த மலையையே சேலையாக நெய்யச் சொன்னான். நெய்தாள். அறுத்துக் கொடுத்தாள். நிமிர்ந்து பார்த்தால் மலையைக் காணோம். மலைக்குப் போயிருந்த பூலிங்கத்தையும் காணோம். இரண்டும் சேலைக்குள்.

கெஞ்சினாள். மாயாவி சிரித்தான்.

“அறுத்த துணி திரும்பத் தறியோடு சேருமா? சேர்ந்தால் மலையும் திரும்பும். போம்மா.”

பாவம், அவனுக்கு நெசவு தெரியாது. துணியை அறுக்கும்போது தறியில் கொஞ்சம் இழையை விட்டுவைப்பார்கள். அடுத்த சேலைக்கான நூலை அதோடுதான் இழைக்கு இழை முறுக்கிப் பிணைப்பார்கள்.

உலகம்மை கண்ணைத் துடைத்தாள். முந்தானை நூல் பிரிந்துவிடும், குஞ்சம் கட்டித் தருகிறேன், உட்காருங்கள் என்றாள். அவன் சேலையைக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். அவள் விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, சேலை நூலைத் தறியில் விட்டுவைத்த இழைகளோடு முறுக்க ஆரம்பித்தாள். ஓர் இழை, இன்னோர் இழை, இன்னோர் இழை.

மூன்றில் ஒரு பங்கு இழை முடிந்தபோது, “முதுகுல சில்லுனு காத்து வருதே?” என்றான்.

“ஏரிக்காத்து, ஐயா.”

இரண்டாம் பங்கு முடிந்தபோது, “குரங்குச் சத்தம் கேக்குதே?”

“எங்க தெருப் பிள்ளைங்க, ஐயா. அப்படித்தான் கத்தும்.”

மூன்றாம் பங்கில் வீடே இருண்டது. “வெயில் எங்க போச்சு?”

“மலைக்குப் பின்னால போச்சு, ஐயா,” என்றாள், கடைசி இழையை முறுக்கியபடி.

திரும்பினான். வாசல் நிறைய மலை. மந்திரமெல்லாம் உதிர்ந்து வெறும் ஆளாக நின்றான். பசிக்குமே, சாப்பிட்டுப் போங்கள் என்றுதான் சொன்னாள் அவள். நிற்காமல் ஓடிவிட்டான்.

பூலிங்கம் இறங்கி வந்தான். உதடெல்லாம் காய்ந்திருந்தது.

“எல்லாத்தையும் நெய்ஞ்ச, உலகு. கிழக்குச் சுனையை விட்டுட்டியே. ஒரு வாய்த் தண்ணியில்ல.”

உலகம்மை சிரித்தாள், அழுதாள், செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவன் அடுப்பை மூட்டி உலை வைத்தான். அவள் சுனைக்கென்று நீல நூலை எடுத்துக் குழலில் தார் சுற்றத் தொடங்கினாள்.